அடுப்படிப் பொருள்களில் அறிவியல்: கேள்வி பதில்

வீட்டில் இருக்கிற பொருள்களை வைத்துப் பிள்ளைகளோடு செய்யும் சோதனைகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பதில்களை இங்கே தருகிறேன்.

பையனுக்கு ஐந்து வயது. எதில் தொடங்கலாம் டீச்சர்?

மஞ்சள்தூளில். தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவிடுங்கள். துணி சோப்பைக் கரைத்த தண்ணீரில் விரலைத் தொட்டு அந்தத் தாளில் அவன் எழுதட்டும். எழுத்து செம்பழுப்பாகத் தெரியும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் திரும்பவும் மஞ்சளாகிவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், காரம் (அமிலத்துக்கு எதிர்த்தன்மை உள்ள பொருள்) பட்டால் நிறம் மாறும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதனால்தான், அங்கே காரம் சுண்ணாம்பு.

அப்புறம் மோர், புளித்தண்ணீர், ஷாம்பு என்று வீட்டில் இருப்பதையெல்லாம் அவனே தொட்டு வைத்துப் பார்க்கட்டும். துணி சோப்பு சிவக்க வைக்கும், ஷாம்பு பெரும்பாலும் வைக்காது. அந்த வித்தியாசத்தை அவனே கண்டுபிடிக்க விடுங்கள். சுண்ணாம்பை மட்டும் சின்னப் பிள்ளை கையில் தராதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம்.

ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடினால் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. ஐந்தில் ஒரு பங்கான ஆக்ஸிஜன் தீர்ந்துபோன இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது என்று விளக்குகிறோம். சரிதானே?

சரியில்லை. பல தலைமுறையாகச் சொல்லி வருவதால் சரி போலத் தோன்றுகிறது. இதை வாயால் மறுப்பதைவிட, பிள்ளைகளையே சோதித்துப் பார்க்கச் சொல்லலாம்.

முதலில், தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று கவனிக்கட்டும். தண்ணீரில் கொஞ்சம் இங்க் கலந்தால் நன்றாகத் தெரியும். ஆக்ஸிஜன் செலவாவதுதான் காரணம் என்றால் சுடர் எரியும் நேரம் முழுக்கத் தண்ணீர் சீராக ஏற வேண்டும். ஆனால் சுடர் மங்கி அணையும்போதும் அணைந்த பிறகும்தான் விறுவிறுவென்று ஏறும். அடுத்து, அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்தி வைக்கட்டும். உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் அதே அளவுதான், தண்ணீரோ இன்னும் உயரமாக ஏறும். மூடும்போது டம்ளர் விளிம்பில் குமிழ்கள் வெளியேறுவதும் சில பிள்ளைகளின் கண்ணில் படும். அவர்களை உரக்கச் சொல்ல வையுங்கள்.

கடைசியாக, நெருப்பே இல்லாமல் ஒரு சோதனை. பொறுக்கும் சூட்டில் வெந்நீரை டம்ளரில் ஊற்றி, கொஞ்ச நேரம் வைத்திருந்து கொட்டிவிட்டு, உடனே தட்டுத் தண்ணீரில் கவிழ்க்கட்டும். ஆறஆற தண்ணீர் உள்ளே ஏறும். இங்கே எதுவும் எரியவில்லையே!

காரணம் இதுதான். சுடரின் சூட்டில் காற்று விரிகிறது, ஒரு பகுதி வெளியேறுகிறது. அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்க, எரிந்தபோது உண்டான நீராவியும் நீராகிவிடுகிறது. உள்ளே அழுத்தம் குறைவதால் வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்ஸிஜன் செலவாவது உண்மைதான், ஆனால் அதற்குப் பதில் கரியமில வாயு உண்டாகிறது. அதோடு, உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனில் பாதிக்கும் மேல் மீதி இருக்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும்.

ஒரு மெழுகுவர்த்தியில் இவ்வளவா என்று தோன்றலாம். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பிள்ளைகளுக்கு நடத்திய ஆறு சொற்பொழிவுகளும் மெழுகுவர்த்தியைப் பற்றியவைதான்.

சோடா, வினிகர் ஊற்றி எரிமலை செய்யலாமா?

செய்யலாம், நுரை பொங்குவதைப் பார்க்கக் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் நிஜ எரிமலை அப்படி இயங்குவதில்லை. நான் பாட்டிலும் பலூனும்தான் எடுத்துக்கொள்வேன். பாட்டிலில் வினிகர், பலூனுக்குள் ஆப்ப சோடா. பலூனைப் பாட்டில் வாயில் மாட்டிச் சோடாவை உள்ளே கொட்டினால் கரியமில வாயுவில் அது ஊதும். வினிகர் அளவை மாற்றாமல் சோடாவை அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன் என்று கூட்டிக்கொண்டே போகட்டும். ஒரு கட்டத்துக்கு மேல் பலூன் பெரிதாகாது. ஏன் என்று அவர்களையே கேளுங்கள்.

எலுமிச்சம்பழத்தில் செம்புக் கம்பியும் ஆணியும் குத்தினோம். எல்இடி எரியவே இல்லை.

ஒரு பழம் போதாது. துத்தநாகம் பூசிய ஆணியோடு ஒரு பழம் தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. சிவப்பு எல்இடிக்கே கிட்டத்தட்ட 2 வோல்ட் வேண்டும். நான்கு பழங்களை வரிசையாக இணையுங்கள், ஒன்றின் செம்பு அடுத்ததன் ஆணிக்கு. எல்இடியின் நீளக் கால் செம்புப் பக்கம் இருக்க வேண்டும். வெளிச்சம் மங்கலாகத்தான் வரும், இருட்டறையில் பாருங்கள். மின்சாரம் பழத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிடாதீர்கள். ஆற்றல் துத்தநாகம் கரைவதால் வருகிறது. அந்தப் பழத்தைப் பிழிந்து குடிக்கக் கூடாது.

சென்னையில் இருக்கிறோம். சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துணுக்கு ஒட்டுவதில்லையே?

காற்றின் ஈரப்பதம்தான் காரணம், மின்னூட்டம் கசிந்துவிடுகிறது. ஏசி அறையில், எண்ணெய் வைக்காத தலையில் தேய்த்துப் பாருங்கள்.

எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?

வீட்டு மின்சாரத்தைத் தொடவே வேண்டாம், 1.5 வோல்ட் பேட்டரி போதும். கழிப்பறை ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருநாளும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். பட்டன் பேட்டரியும் குட்டிக் காந்தங்களும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வெளியே கிடக்கக் கூடாது. விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஊரில் விடுமுறைக்குப் பிள்ளைகள் நிறையப் பேர் வருவார்கள். காசு செலவில்லாமல் ஏதாவது சொல்லுங்கள்.

பூவரச இலை பீப்பீ! இலையை இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை லேசாக நசுக்கி ஊதச் சொல்லுங்கள். நசுங்கிய இலை மடிப்புகள் அதிர்ந்து ஒலி வரும். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி செய்வதும் இதே வேலைதான். ஒலி வந்ததும் மறுமுனையைக் கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே ஊதட்டும். குழல் குட்டையாகக் குட்டையாகச் சுருதி ஏறும். நீளமான பீப்பீயிலிருந்து குட்டையானது வரை பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து ஊதச் சொன்னால் ஒவ்வொருவரின் சுருதியும் தனித்தனியாகக் கேட்கும்.