கடன் பயம் தூங்க விடாதபோது நான் செய்தது

“கவலையும் பயமும் தூங்கவே விடுவதில்லை. எல்லோரும் தைரியமாக இரு என்கிறார்கள். எப்படி இருப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தைரியம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தவன் நான். அது வரவே இல்லை.

2023-இல் அப்பாவின் ஆபரேஷனுக்கு இரண்டு கிரெடிட் கார்டுகளைத் தேய்த்தேன். எனக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அந்த நேரம் பார்த்து ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றது. கார்டுக்கு மாதாமாதம் குறைந்தபட்சம் கட்டியே ஆகவேண்டிய மினிமம் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தேன். பிறகு ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தால் போனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பேன். தெரியாத நம்பர் அடித்தால் வயிற்றைக் கலக்கும். இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு மனதுக்குள் கூட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் நாலு லட்சத்தைத் தாண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கேட்டாள்: “ஏனுங்க, மொத்தம் எவ்வளவுங்க?” எனக்குப் பதில் தெரியவில்லை. அத்தனை நாள் பயந்து செத்தேனே தவிர, எவ்வளவு என்று தெரியாது! மகளின் பழைய கணக்கு நோட்டைக் கொண்டுவந்து, நடுப்பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். முதல் வரி எழுதும்போது கை நடுங்கியது. பெரிய கார்டு 1,38,400. சின்ன கார்டு 61,200. நண்பரிடம் கைமாத்து 35,000. மளிகைக்கடை பாக்கி 4,800. கூட்டினால் 2,39,400. சின்னத் தொகை இல்லைதான். ஆனால் மனதுக்குள் ஓடிய நாலு லட்சம் அந்த நோட்டில் இல்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன், ஒரு ரூபாய்கூடக் கட்டாமலேயே.

அடுத்து அந்தப் பெரிய கார்டைப் பார்த்தோம். மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது 4,844 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 872. மினிமம் என்று நான் கட்டியது 6,920. ஆக, அசலில் கழிந்தது வெறும் 1,200 சொச்சம். இப்படியே போனால் எப்போது முடியும்?

திங்கட்கிழமை காலையிலேயே மனைவியின் ஐந்து பவுன் சங்கிலியை வங்கியில் அடகு வைத்து 1,40,000 வாங்கினோம். ஆண்டுக்கு 9 சதவீத வட்டி, மாதம் 1,050 ரூபாய். பெரிய கார்டை அன்றே அடைத்தேன். சின்ன கார்டு வங்கிக்கு நானே போன் செய்தேன். நம்பரை அழுத்தும் முன் மூன்று முறை வைத்துவிட்டேன், அது உண்மை. பேசி முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பாக்கியை 18 மாதத் தவணையாக மாற்றிக் கொடுத்தார்கள், மாதம் 3,850-க்குள். நண்பரிடம் நேரில் போய், “மாசம் மூவாயிரமா தர்றேன், பொறுத்துக்குங்க” என்றேன். பணம் திரும்பாததைவிட, நான் கண்ணில் படாமல் ஓடியதுதான் அவருக்கு வருத்தம்.

ஒன்று சொல்ல வேண்டும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இது தெரியாமல் இரவு ஒன்பது மணிப் போன்களுக்கெல்லாம் நடுங்கியிருக்கிறேன்.

உங்கள் கவலை கடனா, உடம்பா, வேலையா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் நீங்கள் பார்க்காமல் தள்ளிவைத்திருக்கும் அந்த ஒரு தாளை, ஒரு ரிப்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். தனியாக வேண்டாம், வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போயிருந்தால் முதல் வேலையாக 14416-க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

2025 தொடக்கத்தில் தவணை முடிந்தது, சங்கிலியையும் மீட்டோம். இப்போதும் புது நம்பர் அடித்தால் நெஞ்சு ஒரு கணம் திடுக்கென்கிறது. எடுத்து, “சொல்லுங்க” என்கிறேன்.