முதல் மாநாடு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சுங்கைப்பட்டாணியில் பாலர்பள்ளி ஆசிரியை. ஏழு சிறுகதைகள் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பத்திரிகையில் வந்திருக்கின்றன. அடுத்த மாதம் கோலாலம்பூரில் நடக்கும் இரண்டு நாள் எழுத்தாளர் மாநாட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். நிகழ்ச்சி நிரலை இத்துடன் இணைத்திருக்கிறேன். இதுதான் முதல் தடவை, அங்கே யாரையும் தெரியாது. கதைகளை எடுத்து வரலாமா? யாரிடம் கொடுப்பது? கொடுத்தால் யாராவது தன் பெயரில் போட்டுக்கொள்வார்கள் என்று அக்கா பயமுறுத்துகிறாள். சனிக்கிழமை மட்டும் இருந்துவிட்டுத் திரும்பினால் போதுமா?

ம., சுங்கைப்பட்டாணி

அன்புள்ள ம.,

முதலில் அக்காவின் பயம். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1987-இன்படி, கதையை எழுதி முடித்ததுமே உரிமை உங்களுடையது. எங்கும் போய்ப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெறும் கருவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, எழுதிய எழுத்துக்குத்தான். ஆனால் கதை திருடுகிற ஆளை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. கதையை வாங்கி வைத்துக்கொண்டு படிக்காமலே விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் நானும் ஒருவன்.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் மாநாடு என்றே பெயர் வைத்துவிடுகிறோம். 1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகள் முன்னின்று இதே கோலாலம்பூரில் நடத்திய முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடும் மாநாடுதான். அது ஆய்வாளர்கள் கட்டுரை வாசிக்கிற இடம், அங்கே சிறுகதையைத் தூக்கிக்கொண்டு போய் ஒன்றும் ஆகாது. உங்கள் நிரலைப் பார்த்தேன். சனிக்கிழமை காலை திறப்புரை, வாழ்த்துரை, மறுபடி வாழ்த்துரை, பொன்னாடை. பிற்பகல் நூல் வெளியீடு. ஞாயிறு காலைதான் சிறுகதைப் பட்டறை. சனிக்கிழமையோடு திரும்பினால் நீங்கள் பார்த்தது பொன்னாடை மட்டுமாக இருக்கும்.

நூல் வெளியீட்டைக் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முதல் நூலைப் பெற்றுக்கொள்கிறவர் உறையில் வைத்துக் கொடுக்கிற பணத்தில்தான் இங்கே பல பேருக்கு அச்சுக்கூலி அடைகிறது. என் இரண்டாவது தொகுப்பின் கடன் அப்படித்தான் தீர்ந்தது.

என் முதல் மாநாடு பினாங்கில். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினேன், ஒலிவாங்கி வந்தது. கேள்வியை விட்டுவிட்டு என் இலக்கியக் கொள்கையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். நாலு நிமிடம் போயிருக்கும். நெறியாளர், "தம்பி, கேள்வி என்ன?" என்றார். அரங்கமே சிரித்தது. கேள்வி என்னவென்று எனக்கே மறந்துபோயிருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

தேநீர் நேரத்தில் மீகூன் தட்டோடு ஒரு மூலையில் ஒதுங்கி நின்றேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் தேடி வந்து, "என்னதான் கேட்க வந்தீங்க?" என்றார். ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வரிகூட எழுதியதில்லை, வாசிப்பு மட்டும். பையில் இருந்த கதையைக் கொடுத்தேன். அதன் நாயகி விடியற்காலையில் கொட்டும் மழையில் பால்மரம் சீவிக்கொண்டே பழைய காதலனை நினைத்து அழுவாள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. இரண்டு வாரத்தில் கதை தபாலில் திரும்பி வந்தது. அந்தப் பத்திக்குப் பக்கத்தில் பென்சிலில் சின்ன எழுத்தில்: "மழை பெய்தால் பால்வெட்டு ஏது? பால் சீவிய கோட்டில் இறங்காது, பட்டையெல்லாம் வழிந்து போய்விடும். காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கே போயிருக்க மாட்டாள். வீட்டில் இருந்திருப்பாள்."

நான் ஜார்ஜ்டவுனில் வளர்ந்தவன், தோட்டத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அவளை வீட்டுக்குள் உட்கார வைத்து மறுபடி எழுதினேன். வேலை இல்லாத நாள், அன்றைக்குச் சம்பளமும் இல்லை, புருஷன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். அழ இடம் இல்லை. அப்போதுதான் அது கதையானது. அவர் காலமாகும் வரை என் எல்லாக் கதையும் முதலில் அவரிடம்தான் போனது. அன்று மேடையில் இருந்தவர்களில் இரண்டு பேர் பெயர்கூட இப்போது ஞாபகம் இல்லை.

அதனால் யாரிடம் கொடுப்பது என்று கேட்டால், மேடையில் இருப்பவர்களை விட்டுவிடுங்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே மாலையும் நாலு புத்தகமும் இருக்கும். பட்டறையில் உங்களுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் யார், என்ன படிக்கிறார், என்ன வேலை பார்க்கிறார் என்று விசாரியுங்கள். முதலில் அவருடைய கதையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்களுடையதைத் தானாகவே கேட்பார். ஏழையும் சுமந்து வர வேண்டாம். வெளிவராத ஒன்றை மட்டும் மூன்று பிரதி எடுங்கள், ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு.

அப்புறம் இன்னொன்று. அரங்குக்கு வெளியே புத்தக மேசைகள் இருக்கும். அங்கே யாராவது, "தொகுப்பாகப் போட்டுவிடலாம், எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு மொத்தத் தொகை சொல்லலாம். அதில் ஐ.எஸ்.பி.என். என்கிற சர்வதேசப் புத்தக எண்ணுக்கென்று தனியாகக் காசு போட்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதைத் தேசிய நூலகம் இலவசமாகத்தான் தருகிறது. புத்தகம் வந்த பிறகு அவர்களுக்கு ஐந்து பிரதி கொடுக்க வேண்டும், 1986-ஆம் ஆண்டுச் சட்டம். எப்படியும் ஏழு கதைக்குத் தொகுப்பு அவசரம் இல்லை.

சனிக்கிழமை இரவு தங்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் ரயிலை ஞாயிறு சாயங்காலத்துக்குப் போடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி அரங்கு காலியாகிவிடும், மிச்சம் இருப்பவர்களோடுதான் பேச்சு நன்றாக இருக்கும். பள்ளி விடுமுறை நேரம் என்றால் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். அக்காவுக்கும் சேர்த்து எடுத்தால் நல்லது, கதைக்குக் காவல் இருக்கட்டும்.