அமரோனே: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

அமரோனே இனிப்பு ஒயினா? மணம் அப்படித்தான் இருக்கிறது.

இது இத்தாலியச் சிவப்பு ஒயின். மூக்கை நம்பாதீர்கள். உலர்ந்த ப்ளம், அத்தி, செர்ரி, கோகோ என்று பலகாரம் மாதிரி மணக்கும். வாயில் வைத்தால் இனிப்பு பெரும்பாலும் இருக்காது. விழுங்கியதும் ஒரு மெல்லிய கசப்பு நிற்கும். இத்தாலிய மொழியில் 'அமாரோ' என்றால் கசப்பு, பெயர் வந்ததே அதிலிருந்துதான். வெரோனா நகர் அருகே வால்போலிச்செல்லா மலைச்சரிவுகளில் இதே உலர்த்திய திராட்சையில் செய்யும் இனிப்பு ஒயின் ரெச்சோத்தோ. அதில் சர்க்கரை தீருவதற்குள் நொதித்தல் நின்றுவிடும். நிற்காமல் கடைசிவரை நொதித்தால் அமரோனே.

திராட்சையை வெயிலில் காயவைப்பார்களா?

இல்லை, நிழலில். கொர்வீனா, கொர்வினோனே, ரொந்தினெல்லா ரகக் கொத்துகளைப் பறித்து, காற்றோட்டமான பரண்களில் மூங்கில் தட்டுகளிலோ ஆழமில்லாத பெட்டிகளிலோ மூன்று நான்கு மாதம் பரப்பி வைப்பார்கள். எடையில் சுமார் 30 முதல் 40 சதவீதம் போய்விடும். நடுவில் ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடித்து எல்லாம் வீண். விலை ஏன் அதிகம் என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். சர்க்கரை செறிவதால் ஆல்கஹாலும் ஏறும். 14 சதவீதம் சட்டப்படி குறைந்தபட்சம், 15, 16 சகஜம்.

எப்படிப் பரிமாறுவது?

16 முதல் 18 டிகிரி. நம் ஊர் அறை வெப்பத்தில் ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் முதலில் வரும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இளசான பாட்டில் என்றால் வாயகன்ற குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட விடலாம். கிளாஸ் பெரிதாக இருக்கட்டும், ஊற்றுவது கொஞ்சமாக இருக்கட்டும்.

எந்தச் சாப்பாட்டோடு?

வெரோனாக்காரர்கள் இந்த ஒயினையே சமையலிலும் ஊற்றுகிறார்கள். மாட்டிறைச்சியை அதில் மணிக்கணக்கில் வேகவைக்கும் பிரசாத்தோ, ஊதா நிறமேறிய ரிசொத்தோ என்னும் குழைந்த அரிசிச் சோறு இரண்டுமே அந்த ஊர்ப் பெருமை. குதிரை இறைச்சியில் செய்யும் பழைய குழம்பு ஒன்றும் உண்டு, பாஸ்திஸாதா. அதைச் சாப்பிடச் சொல்லி உங்களை வற்புறுத்த மாட்டேன். என்னைக் கேட்டால் சாப்பாடு முடிந்த பிறகுதான் அமரோனேவுக்கு நேரம். நன்றாக முதிர்ந்த மோந்தே வெரோனேசே அல்லது பார்மிஜானோ சீஸ் ஒரு துண்டு, நாலு வால்நட், அவசரமில்லாத பேச்சு. சீஸின் உப்பும் கொழுப்பும் கசப்பை மழுக்கி, பழத்தை முன்னே கொண்டுவரும். மீன், சாலட் பக்கம் மட்டும் போகாதீர்கள், பாவம், அவை நசுங்கிவிடும்.

மட்டன் சுக்கா?

மிளகாயைக் கூட்டிச் செய்ததென்றால் வேண்டாம். இவ்வளவு ஆல்கஹால் காரத்தை இன்னும் எரிய வைக்கும். நான் ஒரு முறை முயன்று, கடைசியில் தயிரைத் தேடினேன். மிளகாய் குறைத்து, மெதுவாகச் சுண்டவிட்ட கறி என்றால் சரி, ஒத்துப்போகும்.

சாக்லேட்டோடு குடிக்கச் சொல்கிறார்களே?

இனிப்புச் சாக்லேட் என்றால் ஒயின் புளித்துத் தெரியும். அதற்கு ரெச்சோத்தோதான் ஜோடி.

பட்ஜெட் இல்லை, என்ன செய்ய?

ரிபாஸ்ஸோ வாங்குங்கள். அமரோனே பிழிந்த சக்கையின் மேல் சாதாரண வால்போலிச்செல்லா ஒயினை ஊற்றி மறுபடி நொதிக்க விடுவது அது. அண்ணன் சட்டையைப் போட்ட தம்பி மாதிரி இருக்கும், ஆனால் வாரநாள் சாப்பாட்டுக்கு எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும்.