இறப்புப் பதிவேட்டில் புகையைத் தேடுவது எப்படி?

ஆலைப்புகை அந்தக் கால நகரவாசிகளின் உடலை என்ன செய்தது என்று ஆராய முனையும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இறப்புப் பதிவேடுகளைப் புரட்டிவிட்டேன். காற்று மாசால் இறந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. தவறான இடத்தில் தேடுகிறேனா?

இடம் சரிதான். தேடும் சொல்தான் தவறு. மருத்துவர் கண்ட இருமலும் மூச்சுத்திணறலும் நீலம் பாரித்த உதடும் மூச்சுக்குழல் அழற்சி, நிமோனியா, இதய நோய் என்ற பெயர்களில் ஏட்டில் ஏறின. வயதானவர் என்றால் 'முதுமை' என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஆகவே ஒவ்வொரு பதிவாகப் படித்துப் பயனில்லை, எண்ண வேண்டும்.

லண்டனையே பாருங்கள். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நகரத்தின் மேல் புகைமூட்டம் அசையாமல் படுத்துக் கிடந்தது. டிசம்பர் 13-இல் முடிந்த வாரத்தில் பெருநகர லண்டனில் பதிவான இறப்புகள் 4,703. முந்தைய ஆண்டு அதே வாரத்தில் 1,852. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நடந்தது தெரியும். புகைக்குள் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது வழக்கமான பனிமூட்டம், கொஞ்சம் மோசமானது, அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை, நானே குட்டுப்பட்டுக் கற்றது. பழைய வாரக் கணக்குகள் பலவும் இறந்த தேதியை அல்ல, பதிவு செய்த தேதியைக் கொண்டவை. ஆராய்ச்சி தொடங்கிய புதிதில் ஜனவரி முதல் வாரத்தில் ஓர் உச்சத்தைக் கண்டுபிடித்துத் துள்ளிக் குதித்தேன். அந்த வாரத்துக்குப் புகைமூட்டச் செய்தி ஏதாவது இருக்கிறதா என்று நாளிதழ்களில் பத்து நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பதிவு அலுவலகம் மூடிக் கிடந்திருக்கிறது. தேங்கிய இறப்புகளெல்லாம் அடுத்த வாரத்தில் ஏறியிருக்கின்றன. உச்சத்துக்கு முந்தைய வாரம் பள்ளமாக இருந்தால் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்.

1952 லண்டன் புகைமூட்டத்தில் இறந்தவர்கள் 4,000 என்கிறார்கள், 12,000 என்றும் எழுதுகிறார்கள். எதை நம்புவது?

எண்ணுவதை எந்தத் தேதியில் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். புகை விலகிய சில வாரங்களோடு நிறுத்தினால் 4,000-ஐ ஒட்டி வரும். ஆனால் இறப்பு விகிதம் உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1953 தொடக்க மாதங்களிலும் உயர்ந்தே இருந்தது. அந்தப் பிற்பகுதியை அரசுத் தரப்பு இன்புளூயென்சா கணக்கில் எழுதியது. 2001-இல் வெளியான மறுஆய்வு, அந்தக் குளிர்காலத்தில் பரவிய காய்ச்சல் அத்தனை இறப்புகளைத் தாங்காது என்று காட்டி, மொத்தத்தை 12,000 அளவுக்குக் கொண்டுபோனது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான். புகையில் புண்ணான நுரையீரல், காற்று தெளிந்த அன்றே ஆறிவிடுமா என்ன? கட்டுரையில் இரண்டு எண்களையும் கொடுங்கள், எந்தத் தேதி வரை எண்ணியது என்பதையும் சேர்த்து.

எண்ணிக்கைக்கு வெளியே உடலே சாட்சி சொன்னதும் உண்டு. அப்போது இறந்தவர்களிடமிருந்து எடுத்துப் பாதுகாத்த நுரையீரல் திசுக்களை, ஐம்பது ஆண்டுகள் கழித்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். கரித்துகளும் உலோகத் துகளும் உள்ளேயே இருந்தன.

இப்படி நடக்கும் என்று முன்பே யாரும் சொல்லவில்லையா?

சொன்னார்கள். 1930 டிசம்பரில் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் ஆலைப்புகை அடைபட்டு அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். அதை விசாரித்த மருத்துவர்களில் ஒருவரான ஃபிர்கே, இதே நிலை லண்டனுக்கு வந்தால் 3,200 பேர் திடீரென்று இறக்கக்கூடும் என்று 1936-இல் அச்சிலேயே எழுதிவைத்தார். எளிய விகிதக் கணக்குத்தான். 1948 அக்டோபரில் அமெரிக்காவின் டொனோரா என்ற சிற்றூரில், துத்தநாக ஆலைப்புகையில் 20 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் லண்டன் தன் முறைக்குக் காத்திருந்தது.

கருவிகள் இல்லாத காலத்தில் ஒரு நகரத்தில் எவ்வளவு புகை இருந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வந்தவற்றில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது.

பிரிட்டனில் முறையான அளவீடு முதல் உலகப் போர்க் காலத்தையொட்டித்தான் தொடங்குகிறது. வானத்தைப் பார்த்த ஒரு பெரிய புனல், கீழே ஒரு கலம். மாதம் முழுவதும் விழுந்ததை வற்றவைத்து எடை போடுவார்கள். அதற்கு முந்தைய காலத்துக்குச் சுற்றுவழிதான். எந்தத் தொழில் ஓர் ஆளுக்கு எவ்வளவு நிலக்கரி எரித்தது என்பதை 1907-இன் உற்பத்திக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்து, ஊரில் அந்தத் தொழிலில் இருந்தவர் தொகையால் பெருக்குகிறார்கள். தொழில்வாரி ஆள்கணக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிடைக்கும். துல்லியம் குறைவு. ஆனால் ஒரு நெசவு ஊரையும் ஓர் இரும்பு ஊரையும் ஒப்பிட இது போதும்.

இன்னொரு வழி நிலவரைபடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த பிரிட்டிஷ் பெரும்படங்களில் ஆலைப் புகைபோக்கிகளை ஒவ்வொன்றாகக் குறித்திருக்கிறார்கள். சுமார் 70 ஆங்கில நகரங்களில் இப்படி 5,000 புகைபோக்கிகளைத் தேடிப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். புகை கிழக்கே போகும். வசதியுள்ளவர்கள் மேற்கே ஒதுங்க, கிழக்குப் பகுதி ஏழைகளுக்கு விடப்பட்டது. புகைபோக்கிகள் அணைந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அந்தப் பிரிவு அழியவில்லை. உங்கள் ஆய்வுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது: கிழக்கே இறப்பு அதிகம் என்றால், கொன்றது புகையா வறுமையா? அதைப் பிரிக்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

மூன்றாவது வழியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். சிகாகோ அருங்காட்சியகத்திலும் வேறு சில இடங்களிலும் இழுப்பறைகளில் கிடந்த 1,300-க்கு மேற்பட்ட பறவைகளைப் படமெடுத்து, வயிற்று இறகு எவ்வளவு கறுத்திருக்கிறது என்று இரு ஆய்வாளர்கள் அளந்தார்கள். பறவை ஆண்டுதோறும் இறகு உதிர்க்கிறது. ஆகவே அதன்மேல் படிந்த கரி அந்த ஆண்டின் கரிதான். வரைபடத்தில் போட்டபோது இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் உச்சம் தெரிந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் ஆலைகள் படுத்தபோது கறுப்பும் குறைந்தது. காற்றை அளக்க எவரும் நினைக்காத ஊரில் ஒரு வானம்பாடி அதை வயிற்றில் குறித்துவைத்திருக்கிறது.

இறந்தவர்கள் சிகரெட் பிடித்திருக்கலாமே?

பிடித்திருக்கலாம். அதனால்தான் பலர் கைக்குழந்தைகளின் இறப்பை எடுத்துக்கொள்கிறார்கள். தவிர, இயந்திரத்தில் சுற்றிய சிகரெட் 1880-களில்தான் பரவத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு.

அந்தக் காலத்து மக்கள் புகையை நல்லது என்றே நினைத்தார்களாமே, உண்மையா?

பாதி உண்மை. நோய் துர்நாற்றக் காற்றில் பரவுகிறது என்று நம்பிய காலத்தில், கரியும் கந்தகமும் கலந்த புகை காற்றைச் சுத்திகரிக்கிறது என்று வாதிட்டவர்கள் உண்டு. புகைபோக்கி புகைந்தால்தான் வீட்டு அடுப்பும் புகையும் என்ற கணக்கும் இருந்தது. ஆனால் ஜான் ஈவ்லின் 1661-லேயே லண்டன் நிலக்கரிப் புகையை எதிர்த்து அரசருக்குத் தனி நூலே எழுதினார். தெரியாமல் இருந்தார்கள் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்.

குழந்தைகளின் எலும்பு வளைந்ததற்கும் புகைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் நேரடியாக இல்லை. புகை வெயிலை மறைத்தது. வெயில் படாத தோலில் வைட்டமின் டி உருவாகாது. அதனால் ரிக்கெட்ஸ் வந்தது. 1822-இல் ஷ்னியாடெட்ஸ்கி என்ற போலந்து மருத்துவர், வார்சா நகரக் குழந்தைகளுக்கு வரும் இந்நோய் சுற்றுக் கிராமங்களில் அரிது என்று கவனித்தார். 1890-இல் பாம் என்ற மருத்துவர் பல நாடுகளின் செய்திகளை ஒப்பிட்டு, வெயில் குறைந்த இடத்து நோய் இது என்றார். 1919-இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி புறஊதா விளக்கொளியில் குழந்தைகளைக் குணப்படுத்திக் காட்டினார். இருந்தும் முழுப் பழியையும் புகைமேல் போட முடியாது. மோசமான உணவு, இருண்ட சந்து, வெளியே விடாமல் வளர்ப்பது எல்லாம் சேர்ந்ததுதான்.

இப்படிப்பட்ட புள்ளிவிவரம் நீதிமன்றத்தில் நின்றிருக்கிறதா?

ஜப்பானின் யொக்காயிச்சியில் நின்றது. பெட்ரோ ரசாயன ஆலைகள் வந்தபின் ஆஸ்துமா பெருகியது. ஆய்வாளர்கள் மருத்துவக் காப்பீட்டுப் பில்களை எடுத்துப் பகுதிவாரியாக ஒப்பிட்டார்கள். இந்த நோயாளிக்கு இந்த ஆலையின் புகையால்தான் வந்தது என்று தனித்தனியே நிரூபிக்க எவராலும் முடியாது. ஆனால் 1967-இல் ஒன்பது பேர் ஆறு நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்கில், மக்கள்திரள் அளவிலான நோய்ப்பரவல் சான்றே போதும் என்று 1972-இல் தீர்ப்பு வந்தது. பழைய பில் கட்டுகளைக் குப்பை என்று ஒதுக்குபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஓவியங்களை ஆதாரமாகக் கொள்ளலாமா?

புகை எவ்வளவு இருந்தது என்பதற்குக் கொள்ளத் தயங்குவேன். ஓவியன் நிறத்தைத் தேர்ந்தெடுப்பவன். அவர்களுடைய கடிதங்களைப் படியுங்கள். லண்டனில் தங்கி தேம்ஸ் நதியை வரைந்துகொண்டிருந்த மோனே, 1900 மார்ச் 4, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவிக்கு எழுதினார். காலையில் எழுந்து பார்த்தால் துளி மூட்டம்கூட இல்லை, தொடங்கிய படங்களெல்லாம் பாழ் என்று பதறிப்போயிருக்கிறார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடுப்புகளை மூட்டினார்கள், புகையும் மூட்டமும் திரும்பி வந்தன.