பென்ஸ் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

மதுரை லாரி ஆபீஸ்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்களுக்குத் திருமங்கலம் பக்கம். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் வாங்கிய முதல் லாரி, 1962 மாடல் டாட்டா மெர்சிடஸ் பென்ஸ், தோட்டத்துக் கொட்டகையில் நிற்கிறது. கடைசியாக ஓடியது 1991-ல். பழைய இரும்புக்காரர்கள் மாதம் ஒருவராவது வந்து விலை கேட்கிறார்கள். கொடுக்க மனசு வரவில்லை. புதுப் பெயிண்ட் அடித்து, முன்னால் காணாமல் போன பென்ஸ் சின்னமான ஸ்டாரை வாங்கி மாட்டி, கம்பெனியில் இருந்து வந்தது மாதிரி ஆக்கிவிடலாம் என்று தம்பி சொல்கிறான். பழங்கால வண்டிகளுக்குத் தனியாகக் கொடுக்கிற விண்டேஜ் நம்பர் வாங்க முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது? அந்த வண்டியில் கிளீனராகச் சேர்ந்து பிறகு டிரைவரான அண்ணன் ஒருவர் இருக்கிறார். வயது 84.

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

இத்தனை பேர் வந்து கேட்டும் இரும்புக்குப் போடாமல் வைத்திருக்கிறீர்களே, அதற்கு முதலில் என் நன்றி. அடுத்தது, தம்பியிடம் பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

1998-ல் என் தாய்மாமாவின் ஃபார்கோ லாரியை நாங்கள் நாலு பேர் சேர்ந்து சுத்தம் செய்தோம். மரக்கேபின். கதவின் உட்பக்கப் பலகையெல்லாம் எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்துக் கிடந்தது. நாள் முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். சாயங்காலம் பலகை புதுசு மாதிரி வெளுத்திருந்தது, எங்களுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலையில் மாமா வந்தார். கதவைத் திறந்து உள்பக்கம் குனிந்து பார்த்தார். "இதுல கணக்கு எழுதியிருந்துச்சேப்பா?" என்றார். டிரைவர் ஒவ்வொரு நடைக்கும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாராம். ஐந்தைந்து கோடாக, பக்கத்தில் ஊர்ப்பெயரின் முதல் எழுத்து. எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. போட்டோவும் இல்லை. மாமா அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. அன்றிலிருந்து பழைய வண்டி எதைப் பார்த்தாலும் முதலில் கதவின் உட்பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

கம்பெனியில் இருந்து வந்தது மாதிரி என்கிறீர்கள். அந்தக் காலத்து லாரி கம்பெனியில் இருந்து எப்படி வந்தது? பெரும்பாலும் வெறும் சேஸிஸாகத்தான் வந்தது. எஞ்சின், பானெட், ஸ்டியரிங், நாலு பக்கமும் திறந்த வெளி. ஒரு பெட்டியையோ பலகையையோ போட்டு உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் ஊர்வரை ஓட்டி வருவார்கள். அதற்குப் பிறகுதான் ஆசாரிமார் கையில் கேபினும் பாடியும் முளைக்கும். ஆகவே உங்கள் அப்பாவின் லாரியில் பாதி டாட்டா தொழிற்சாலை இருக்கும் ஜாம்ஷெட்பூர், பாதி நம் ஊர். புதுப் பலகை போட்டுப் பளபளவென்று ஆக்கினால் அழிவது நம் ஊர்ப் பாதிதான். கார் சேகரிப்பவர்களின் அளவுகோலை லாரிக்கு வைப்பது தப்பு என்பேன். லாரி உழைத்த வண்டி. எஞ்சின் மாறியிருக்கும், ஸ்பிரிங் பட்டா மாறியிருக்கும், பாடி இரண்டு தடவை கட்டியிருக்கும். அந்த மாற்றங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அதன் வரலாறு.

ஸ்டார் விஷயத்துக்கு வருகிறேன். டாட்டாவின் லாரிக் கம்பெனியான டெல்கோவும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸும் 1954-ல் ஒப்பந்தம் போட்டன. 15 வருட ஒப்பந்தம், 1969-ல் முடிந்தது. அதனால்தான் அதுவரை வந்த வண்டிகளின் மூக்கில் மூன்று முனை ஸ்டார், அதற்குப் பிறகு வந்தவற்றில் டாட்டாவின் 'டி'. நம் பக்கம் இன்றைக்கும் பெரியவர்கள் 'பென்ஸ் லாரி' என்று சொல்வது அந்தப் பதினைந்து வருடத்தின் மிச்சம். உங்கள் வண்டியில் ஸ்டார் எப்படிப் போனது? திருட்டா, எங்காவது மோதியதா, இல்லை அப்பாவே கழற்றி வைத்தாரா? அதைத் தெரிந்துகொள்ளாமல் இன்னொரு ஸ்டாரை வாங்கி அந்த ஓட்டையை மூடாதீர்கள். அப்பாவின் பீரோவையும் ஒரு தடவை நன்றாகத் தேடிப் பாருங்கள்.

பீரோ என்றதும் காகிதம் ஞாபகம் வருகிறது. வண்டியைவிட அதற்குத்தான் ஆபத்து அதிகம். ஆர்.சி. புத்தகத்தின் பின்பக்கங்களைப் பாருங்கள். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுத்த தேதிகள், பெயர் மாற்றம், தவணைக் கடன் பதிவு எல்லாம் வரிசையாக இருக்கும். 1954-ல்தான் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸும் தொடங்கியது. பென்ஸ் லாரி வந்த அதே வருடம். கையில் முழுப் பணம் இல்லாத ஒரு டிரைவர் தவணையில் வண்டி எடுத்து முதலாளி ஆக வழி திறந்தது அந்தக் காலத்தில்தான். அப்பா எப்படி வாங்கினார் என்பது அந்தப் பக்கத்தில் இருக்கலாம். டிரிப் ஷீட், லாரி ஆபீஸ் ரசீது, டீசல் பில், டயர் ரீட்ரெட் பண்ணிய சீட்டு, ஒன்றையும் குப்பை என்று ஒதுக்காதீர்கள். லேமினேட் மட்டும் செய்ய வேண்டாம், அந்தச் சூட்டிலும் பசையிலும் காகிதம் கெட்டுவிடும். போட்டோ எடுத்துக்கொண்டு, காற்றுப் புகும் அட்டைப்பெட்டியில் வையுங்கள். சேஸிஸ் நம்பர் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு படி எடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எடுப்பார்களே, அதே மாதிரிதான்.

இங்கிலாந்தில் லங்காஷயரில் லேலண்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. நம் எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது அந்த ஊர்க் கம்பெனியோடு சேர்ந்ததால்தான். அந்த ஊரில் லாரிக்கும் பஸ்சுக்கும் என்றே 1983-ல் ஒரு மியூசியம் திறந்தார்கள். அமெரிக்காவில் லாரி வரலாற்றுக்கென்றே ஒரு சங்கம் 1971-லிருந்து இருக்கிறது. நமக்குக் கோவையில் அருமையான கார் மியூசியம் உண்டு. லாரிக்கு? டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொழில் தொடங்கிய மதுரை இது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் செய்து கரியில் வண்டி ஓட்டிய ஊர். டிரம்மில் கரியைக் கொட்டி, காற்றைக் குறைத்து எரியவிட்டு, வருகிற வாயுவை வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்புவார்கள். விடியற்காலையில் கிளீனர் விசிறியைக் கையால் சுற்றிச் சுற்றி நெருப்பை ஏற்ற வேண்டும். மேடு வந்தால் வண்டி திணறும். அந்தக் கரி டிரம் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. சுற்றிய கைகளும் போய்விட்டன. இதை நினைத்தால் உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், உங்களிடம் இருப்பதில் விலைமதிக்க முடியாதது அந்த 84 வயது அண்ணன்தான். அவரை வீட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்து "பழைய கதை சொல்லுங்கண்ணே" என்று கேட்காதீர்கள். நாலு வரியில் முடித்துவிடுவார். வண்டியிலேயே ஏற்றி, ஸ்டியரிங் முன்னால் உட்காரவையுங்கள். கைத்தாங்கலாக ஏற்ற இரண்டு பேர் வேண்டும். மேலூர் பக்கம் ஒரு பெரியவரை அப்படி உட்காரவைத்தேன். கியர் ராடைப் பிடித்ததுமே இடது கால் தானாக இரண்டு தடவை கிளட்சை மிதித்தது. ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் இரண்டு தடவை மிதித்து, டபுள் கிளட்ச் போட்டு ஓட்டிய கால். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினார். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். வெறும் சேஸிஸை ஊருக்குக் கொண்டுவந்தபோது நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள்? லோடோடு ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது எந்த கியர்? எந்த இடத்தில் சக்கரத்துக்கு அடை கொடுக்கக் கட்டையை எடுத்துக்கொண்டு குதிப்பீர்கள்? கம்பத்துக்குப் போகும்போது என்ன ஏற்றினீர்கள், திரும்பும்போது என்ன? தினப்படி எவ்வளவு? பாண்டி கோயிலில் முதல் பூஜை யார் போட்டது? பாடி கட்டியது எந்தப் பட்டறை, என்ன மரம்? செல்போனில் பதிவு செய்தாலே போதும். சாதிச் சண்டை, விபத்து, போலீஸ் என்று வலிக்கிற விஷயம் வந்தால் நிறுத்தி, இதை வெளியே சொல்லலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்டேஜ் நம்பர் கிடைக்காது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இருசக்கர வாகனத்துக்கும் காருக்கும்தான். சரக்கு வண்டி அதில் வரவில்லை. வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும், நான் எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன். அதுவரை ஓட்ட நினைக்காமல், இருக்கிற இடத்தில் பத்திரமாக வைத்திருங்கள். வரிப் பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் நேரில் போய்க் கேளுங்கள்.

வண்டிக்கு இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆக்சிலுக்கு அடியில் கட்டை அடுக்கி டயரைத் தரையில் படாமல் தூக்கிவிடுங்கள். பழைய டீசலையும் ஆயிலையும் இறக்கிவிடுங்கள். டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு வாரம் ஊறட்டும். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கலாம், செல்ஃப் ஸ்டார்ட்டர் போட வேண்டாம். மரப் பாடி என்பதால் கரையானைக் கவனியுங்கள். தார்ப்பாயை இறுக்கிப் போர்த்தாதீர்கள், ஈரம் உள்ளே நின்று பலகை உளுத்துவிடும்.

ரெண்டு ஞாயிறு கழித்து நானே வருகிறேன். டார்ச்சும் கேமராவும் கொண்டு வருகிறேன், கதவுப் பலகையைச் சாய்வாக வெளிச்சம் அடித்துப் பார்க்கலாம். அந்த அண்ணனிடம் மட்டும் இன்றே சொல்லி வையுங்கள். அதுவரை வண்டி மேல் தண்ணீர்கூட அடிக்க வேண்டாம்.