டி.டி.டி.யின் முழுப் பெயரை உச்சரிப்பது எப்படி?

டி.டி.டி. (DDT) என்ற பூச்சிக்கொல்லியின் முழுப் பெயரை ஆங்கிலத்தில் மூச்சு முட்டாமல் சொல்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டாம். வேதியியல் துண்டுகளாக வெட்டுங்கள்: டைகுளோரோ, டைஃபீனைல், டிரைகுளோரோ, ஈத்தேன். கடைசித் துண்டை முதலில் சொல்லிப் பழகுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக முன்னால் சேருங்கள்: டிரைகுளோரோ-ஈத்தேன், டைஃபீனைல்-டிரைகுளோரோ-ஈத்தேன், இப்படி. பழகிய இடத்தை நோக்கியே நாக்கு போவதால் பாதியில் தடுமாறாது. துண்டுகள் கணக்கும் சொல்லும்: டை என்றால் 2, டிரை என்றால் 3. முன்னால் டைகுளோரோவில் 2 குளோரின், பின்னால் டிரைகுளோரோவில் 3, ஆக மூலக்கூறில் 5.

அமெரிக்கர்கள் எத்தேன், ஃபெனில் என்பார்கள். பிரிட்டிஷ்காரர்கள் ஈத்தேன், ஃபீனைல். இரண்டும் சரிதான், கலந்தடிக்காமல் இருந்தால் போதும்.

ஒரு சிக்கல் உண்டு: துண்டைத் தனியாகச் சொல்லும் விதம் சேர்ந்து வரும்போது மாறலாம். பாராசிட்டமாலின் அமெரிக்கப் பெயர் அசிட்டமினோஃபென். அதற்குள் இருக்கும் அமினோவைத் தனியாகச் சொன்னால் 'அ-மீ-னோ'. முழுப் பெயரிலோ 'அ-சீ-ட-மி-ன-ஃபென்': மீ குறுகி மி ஆகிறது, முக்கிய அழுத்தமும் அந்த மி மேல்தான். இதற்கெல்லாம் சூத்திரம் தேடி மண்டையை உடைக்காமல், இணைய அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்திக் கேட்டுவிடுங்கள்.