குளிர்காலத்தில் பூக்கும் கிளமாட்டிஸ் கொடி கோடையில் இலை உதிர்க்கிறதே, பட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் வைத்திருப்பது கிளமாட்டிஸ் சிர்ரோசா வகையாக இருந்தால் அது மத்தியதரைக் கடல் பகுதிக் கொடி. அங்கே கோடை வறண்டது, மழை குளிர்காலத்தில்தான். அதனால் வெயில் காலத்தில் இலை பழுத்து உதிர்ந்து கொடி தூங்கிப்போவதுண்டு. 'பசுமைமாறா' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி, செத்துவிட்டது என்று பிடுங்கி எறிகிறவர்கள் உண்டு! தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அப்போது தண்ணீரை ஊற்றோ ஊற்றென்று ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும். கோடை முடிந்து இலையுதிர் காலம் வந்ததும் தானே துளிர்க்கும்.

வெயில் படும், குளிர்காற்று அடிக்காத சுவரோரம் இதற்கு ஏற்ற இடம். தண்ணீர் தேங்கக் கூடாது. இலைக்காம்புதான் சுருண்டு பிடித்து ஏறும் என்பதால் மெல்லிய கம்பி கட்டுங்கள். தடித்த கம்பத்தை அதனால் பற்ற முடியாது.

வெட்டுவது பூ முடிந்தவுடன், அதுவும் கொஞ்சமாக. முந்தைய பருவத்தில் வளர்ந்த தண்டில்தான் பூக்கும். இலையுதிர் காலத்தில் வெட்டினால் மொட்டும் சேர்ந்து போய்விடும். சாறு தோலில் பட்டால் அரிப்பெடுக்கும், கையுறை போடுங்கள்.

அப்புறம், 'ஃப்ரெக்கிள்ஸ்' ரகம் என்றால் வாசல் வளைவின் மேல் ஏற்றிவிடுங்கள். மணிபோலத் தலைகீழாகத் தொங்கும் பூவின் உட்புறத்தில்தான் அந்தக் கருஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன; கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்.